தொலைக்காட்சித் தொடருக்கு வேற்றுக்கிரக இனம் ஒன்றை உருவாக்குவது எப்படி?

வேற்றுக்கிரகவாசி ஒருவரை உருவாக்கச் சொன்னால் பெரும்பாலானோர் முதலில் முகத்தைத்தான் வரைகிறார்கள். நெற்றியில் இரண்டு மேடு, காதில் ஒரு கூர்மை, தோலுக்குப் பச்சை அல்லது நீலம் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த உயிர் எதைத் தின்கிறது, எங்கே உறங்குகிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது என்ற கேள்விகளையெல்லாம் வசனம் எழுதுகிறவரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். முதலில் நிலம், பிறகு உடல், அதன்பின் நடத்தை. முகம் கடைசியில் வரட்டும். அந்த வரிசையிலேயே இங்கு ஓர் இனத்தை உருவாக்கிப் பார்க்கலாம். கொங்கு நாட்டிலிருந்து எழுதுகிறவருக்கு அதற்கு வேண்டிய மாதிரிகள் பெரும்பாலும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே கிடைக்கின்றன.

சூரியனைவிடச் சிறியதும் மங்கலானதுமான செந்நிற விண்மீன் ஒன்றை, அதாவது ஒரு செங்குறுமீனைச் சுற்றும் கோளை எடுத்துக்கொள்வோம். இது வெறும் கற்பனை அன்று. நமக்கு மிக அருகில், ஏறத்தாழ 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பிராக்சிமா சென்டாரி என்ற செங்குறுமீனைச் சுமார் 11 நாட்களில் ஒருமுறை சுற்றிவரும் கோள் ஒன்று 2016இல் கண்டறியப்பட்டது. இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள்கள், நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல், தம் விண்மீனுக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டியபடி பூட்டப்பட்டிருக்கக்கூடும். அப்படியானால் ஒரு பாதி ஓயாத உச்சிவேளை, மறுபாதி விடியாத இரவு, இரண்டுக்கும் நடுவே முடிவற்ற அந்தி. வெயில் பக்கத்தில் சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப இருள் பக்கத்துக் குளிர்காற்று தரையை ஒட்டி ஓடிவரும். அந்த அந்தி வட்டத்தில் ஒரு மலைத்தொடரை நிறுத்தி, அதில் ஒரே ஒரு கணவாயை வைத்தால் நம் இனத்துக்கு ஊர் அமைந்துவிடும்.

அந்த ஊர் எப்படி இருக்கும் என்பதை அறிய, ஆனி, ஆடி மாதங்களில் உடுமலைப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டில் போய் நிற்கலாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிறது. காற்றாலைகள் அங்கே வரிசை வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுதான். பேசுகிறவர் மற்றவரின் காதருகே வாயைக் கொண்டுபோவதையும், துண்டைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வதையும், கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியின் மறைவில் ஆடுகள் ஒண்டி நிற்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் கோளில் இந்தக் காற்று ஒரு பருவத்தோடு நிற்பதில்லை, கோடிக்கணக்கான ஆண்டுகளாக வீசிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

உடல் இனித் தானாகவே அமையத் தொடங்கும். ஓவியர்களுக்கு மிகவும் பிடித்த நெட்டையான, மெலிந்த உருவம் இங்கே ஒரு நாள் தாங்காது. குட்டையான, முன்குனிந்த, அகன்ற பாதமுள்ள உருவமே நிற்கும். பேருருவம் வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டால், கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் விளக்கிய கணக்கைக் காட்டுங்கள். ஓர் உயிரை வடிவம் மாறாமல் இரண்டு மடங்கு உயரமாக்கினால் அதன் எடை 8 மடங்காகிறது. எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ 4 மடங்குதான் ஆகிறது. வால்பாறைத் தேயிலைச் சரிவில் இறங்கும் யானைக்குத் தூண்போன்ற கால்கள் இருப்பது அதனால்தான்.

புலன்களில் நின்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் கதையே அங்கிருந்துதான் பிறக்கிறது. ஓயாத காற்றில் குரல் தொலைவு செல்லாது. ஆகவே ஆபத்தை உணர்ந்த கடமான் முன்காலால் தரையை உதைத்து எச்சரிப்பதுபோல், இவர்கள் தரையதிர்வால் பேசட்டும். மோப்பமோ காற்று வரும் திசையில் மட்டுமே உதவும். இருள் பக்கத்திலிருந்து வருவது எதுவானாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும், வெயில் பக்கத்திலிருந்து பதுங்கி வருவது கடைசி நொடிவரை தெரியாது. எனவே இந்த இனத்துக்கு இருள் பழகிய வீடு, வெளிச்சமே அச்சம். அவர்களின் பேய்க்கதைகள் பட்டப்பகலில் நடக்கும். செங்குறுமீனின் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பு என்பதால், கண்ணுக்கும் நாசிக்கும் இடையிலுள்ள குழியால் வெப்பத்தை உணரும் நம் மலைக்காட்டுக் குழிவிரியனின் திறனையும் கொடுக்கலாம். அதைக் காட்டத் திரையில் வண்ணக் கோலம் போடுவது பழைய வித்தை, செலவும் அதிகம். நடிகர் காலியான நாற்காலியின் மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்துவிட்டு, சற்றுமுன் எழுந்து போனவர் யாரென்று சொல்லட்டும். பார்வையாளருக்கு அது போதும்.

மரியாதை முறைகளையும் நிலத்திலிருந்தே எடுக்க வேண்டும். விருந்தாளியைக் காற்று மறைவில் உட்காரவைத்து, வீட்டுக்காரர் காற்றுப்படும் பக்கம் உட்காருவதுதான் இவர்களின் உபசாரம். பேச்சுவார்த்தைக்கு வந்த பூமித் தூதர் அறியாமல் மறைவான இடத்தைத் தானே பிடித்துக்கொண்டால், ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் காட்சியில் பகை மூண்டுவிடும்.

இனப்பெருக்கத்தைப் பலர் கூச்சத்தால் தவிர்க்கிறார்கள். அது பெரிய இழப்பு. ஆனைமலைக் காடுகளில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலும் இரை மிச்சத்தாலும் வாயிலை அடைத்து, அலகு நீளும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விடுகிறது. ஆண் அத்திப்பழமும் பிறவும் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியே ஊட்டுகிறது. ஆணுக்கு ஏதேனும் நேர்ந்தால் உள்ளே இருக்கும் உயிர்களும் ஆபத்தில் சிக்கும். இந்த வழக்கத்தை நம் கணவாய் இனத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அடைகாலத்தில் போர் நின்றுவிடும். தொலைதூரக் கப்பலில் இருக்கும் ஒருவர் குறித்த நாளுக்குள் திரும்பியே ஆகவேண்டும். இரண்டு மூன்று வாரக் கதைக்குத் தேவையான நெருக்கடி இதிலேயே இருக்கிறது.

ஓர் இனத்தில் எல்லாரும் ஒன்றுபோல் இருப்பது கூடாது. காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறமாகிறது. காளைக்குத் திமில் பகுதியில் கருமை ஏறுகிறது. வயதையும் ஆண் பெண் வேறுபாட்டையும் நிறத்திலேயே காட்டிவிடும் இந்த எளிய முறை ஒப்பனையாளருக்குப் பெரிய உதவி. கோபிச்செட்டிபாளையத்துக்கும் கோவைக்கும் நடுவிலேயே பேச்சு மாறும்போது, ஒரு கோள் முழுவதும் ஒரே உச்சரிப்பில் பேசுவது நம்பும்படியாக இல்லை.

முகத்துக்கு இப்போது வரலாம். தொலைக்காட்சியில் கால்ஷீட்தான் கடவுள். முழு முகத்துக்கும் நுரை லேடெக்ஸ் அல்லது சிலிகான் ஒட்டினால் மணிக்கணக்கில் நேரம் போகும். பொள்ளாச்சிச் சித்திரை வெயிலில் வியர்வை ஒட்டுப்பசையின் ஓரங்களைத் தூக்கிவிடும். ஆகவே புருவம், கழுத்து, முன்கை ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டு, கண்ணையும் வாயையும் நடிகரிடம் விட்டுவிடுவது நல்லது. மனித உருவத்தையே மறைக்க விரும்பினால் கால்களை மறையுங்கள். 1963இல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் வந்த டாலெக்குகள் என்ற கவசக்கூட்டு வேற்றுக்கிரகவாசிகளுக்கு உள்ளே ஒரு மனிதர் உட்கார்ந்து இயக்கினார். கால்களே தெரியாமல் வழுக்கி நகர்ந்ததால் ஆளை நினைவூட்டும் நடை மறைந்துவிட்டது.

திரைப்படம்போல் ஒரே இயக்குநர் கையில் இந்த இனம் இருக்காது. வாரம் ஒருவர் எழுதுவார், வேறொருவர் இயக்குவார். அதனால் ஒரு பக்கத்துக்கு மிகாத விதிப்பட்டியலை எழுதி எல்லாருக்கும் கொடுங்கள்: எந்தப் பக்கம் உட்காருவார்கள், எப்போது தரையைத் தொடுவார்கள், எதை ஒருபோதும் செய்யமாட்டார்கள். 'ஒருபோதும்' என்ற பகுதிதான் மிக முக்கியம். பிறகு, ஒப்பனைக்காக நடிகரின் முக அச்சு எடுப்பதற்கு முன்பே, ஒப்பனை இல்லாத நடிகர் ஒருவரைச் சாதாரண வேட்டி சட்டையில் மற்றவர்களோடு ஓர் அறையில் உலவவிட்டுப் பதிவு செய்யுங்கள். கதை தெரியாத ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்து, இவர் மட்டும் ஏதோ வேறு மாதிரி என்று கை காட்டினால் சிலிகானுக்குப் பணம் கட்டலாம். காட்டாவிட்டால் விதிப்பட்டியலைத் திருத்த வேண்டும்.