அடுப்பை அணைத்துவிட்டு வெல்லத்தைப் போடுங்கள்: வங்காள இனிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பௌஷ் சங்கராந்திக்கு (நம் பொங்கல் சமயத்து வங்காளப் பண்டிகை) முந்தின நாள், இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். "அக்கா, பாயேஷ் (வங்காளப் பால் பாயசம்) திரிஞ்சு போச்சு. என்ன பண்றது?"

"வெல்லம் போடும்போது அடுப்பு எரிஞ்சுதா?"

"ஆமாம்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன். வாரக் கடைசியில் கொல்கத்தாவில் என் வீட்டுச் சமையலறையில் நாலைந்து பேருக்கு மிஷ்டி, அதாவது வங்காள இனிப்பு, செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். நல்ல பால் வாங்குங்கள், பாத்திரத்தைத் துடையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சானா வேறு, பன்னீர் வேறு

கடைப் பன்னீரைத் துருவி ரொஷொகொல்லா (ரசகுல்லா) செய்ய முடியாது. சானாவுக்குப் பசும்பாலைக் காய்ச்சி இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். திரிந்ததும் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் கட்டி முக்கால் மணி நேரம் தொங்கவிட்டால் போதும். மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்தால் அது பன்னீராகிவிடும். அழுத்திப் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிசையுங்கள். கையில் லேசாக நெய்ப்பசை ஒட்டும்போது நிறுத்துங்கள்.

வட கொல்கத்தாவின் பாக்பஜாரில் 1868-இல் ரொஷொகொல்லா செய்து பேர் வாங்கிய நொபின் சந்திர தாஸுக்கே ஆரம்பத்தில் உருண்டைகள் பாகில் உடைந்தனவாம். (ரொஷொகொல்லா யாருடையது என்ற சண்டையில் வங்காளத்துக்கு 2017-இலும் ஒடிசாவுக்கு 2019-இலும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இரண்டையும் சாப்பிடுவதுதான் என் கட்சி.)

பாகில் கம்பிப் பதம்

ரொஷொகொல்லாவுக்கு அது கிடையவே கிடையாது. ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர்.

கொதிக்கும் பாலில் நொலேன் குர் (ஈச்ச வெல்லம்)

நான் தூத்துக்குடிப் பக்கம். பதநீரும் கருப்பட்டியும் பார்த்து வளர்ந்தவள். வெல்லத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர் இருந்தது.

லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்த முதல் குளிர்காலம். மாடிவீட்டு மாஷிமாவின் (நம் பெரியம்மா மாதிரி) பேரனுக்குப் பிறந்தநாள். வங்காள வீட்டில் பிறந்தநாள் என்றால் கேக் இருக்கிறதோ இல்லையோ, பாயேஷ் இருக்க வேண்டும். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும்போதும் பாயேஷ்தான். "நான் செய்றேன் மாஷிமா" என்று வலியப் போய்க் கேட்டேன். ஜொய்நகரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த பாட்டாலி ஒன்றை என் கையில் கொடுத்தார். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி வட்டமாக வார்த்த வெல்லம் அது. பொட்டலத்தைப் பிரித்ததுமே அறை முழுக்கப் புகையும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

மூன்று லிட்டர் பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் கிண்டிப் பாதியாக வற்றவைத்தேன். கோபிந்தபோக் என்ற வாசனை அரிசி குழைந்திருந்தது. பாட்டாலியை உடைத்து, தளதளவென்று கொதிக்கிற பாலில் போட்டேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் கரண்டி விளிம்பில் மணல் மாதிரிப் பொடிப்பொடியாக ஒட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்புத் தண்ணீர் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம்.

மாஷிமா மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரை லிட்டர் பாலில் சர்க்கரை போட்டு ஒரு சின்னக் கிண்ணம் பாயேஷ் செய்து பையனுக்கு ஊட்டினார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஏன் திரிகிறது? நாம் பனம்பாளையைச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குகிறோம். ஈச்ச மரத்தில் தண்டையே சீவிக் கலயம் கட்டுகிறார்கள். இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஷியூலி என்று பெயர். மாலையில் கட்டி, விடியும் நேரத்தில் இறக்குவார்கள். சாற்றைக் காப்பது பெரும்பாலும் இரவுக் குளிர்தான். குளிர் குறைந்தால் சாறு புளிக்கத் தொடங்கும், அந்தப் புளிப்பு கொஞ்சம் வெல்லத்திலும் தங்கும். சூடாக இருக்கிற, அதுவும் வற்றிப்போன பாலுக்கு அந்தக் கொஞ்சமே போதும். சானா எடுக்க எலுமிச்சை ஊற்றுகிறோமே, அதையேதான் வெல்லமும் செய்கிறது.

வழி சுலபம். அரிசி முழுக்க வெந்துவிட்டதா என்று முதலில் நசுக்கிப் பாருங்கள். இனிப்பு விழுந்தபிறகு அரிசி வேகாது. அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைக் கீழே இறக்குங்கள். வெல்லத்தைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். பாத்திரத்தின் பக்கத்தில் கை வைத்தால் பொறுக்கிற அளவுக்குச் சூடு இறங்கியதும், கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள். கொதிக்கவிட்டால் வாசமும் போய்விடும், அந்த வாசத்துக்காகத்தானே இத்தனை பாடு.

இதைச் சொன்னால், "சர்க்கரைப் பொங்கல்ல கொதிக்கக் கொதிக்கத்தானே போடறோம்" என்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதில் பால் எவ்வளவு, இதில் எவ்வளவு? குளிர்கால இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் நல்ல நொலேன் குர் கிடைக்கும். கலயம் கலயமாகச் சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு பாட்டாலி. சர்க்கரையும் எசென்சும் கலந்த போலிகளுக்கு நடுவே நல்லதைத் தேடிப் பிடித்து வாங்கி, அதைப் போய் வடிகட்டியில் கொட்டுவானேன்?

சந்தேஷை அதிகம் கிளறுவது

சானாவும் இனிப்பும் சேர்ந்து சட்டியை விட்டு விலகியதும் இறக்குங்கள். அப்படி இறக்கினால் மென்மையான நொரொம் பாக். கெட்டியான கொடா பாக் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம். அதற்கும் மேல் போனால் அச்சில் அழுத்தினாலும் உதிரும்.

மிஷ்டி தோய்க்கு (இனிப்புத் தயிர்) ஸ்டீல் டப்பா

வேண்டாம். மண்சட்டிதான் தண்ணீரை உறிஞ்சும்.

பிஜயா தசமியன்று முதல் வீட்டிலேயே வயிறு நிறைய

துர்க்கையைக் கரைத்த பிறகு பெரியவர்கள் காலில் விழப் போவீர்கள். வீட்டுக்கு வீடு நாடு என்ற தேங்காய் உருண்டை, நிம்கி என்ற உப்புக் காரப் பலகாரம், சந்தேஷ் வரும். "போதும்" என்றால் இன்னொன்று வரும். முதல் வீட்டில் ஒன்றோடு நிறுத்துங்கள். இன்னும் ஆறு வீடு இருக்கிறது.