காவல் வாகனத்தின் எச்சரிக்கை விளக்குகளைச் சோதிக்கும் முறை

காவல் வாகனத்தின் கூரை விளக்கு சரியாக எரிகிறதா என்பதை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி உறுதிசெய்ய முடியாது. சுவிட்சில் ஒளிரும் சிறு விளக்கு, சுவிட்ச் போடப்பட்டிருப்பதை மட்டுமே காட்டும். பின்பக்க எல்இடி ஒன்று அணைந்து கிடந்தாலும் அந்தச் சுவிட்ச் விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பணிக்குப் புறப்படும் முன், எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, வண்டியை ஒரு முறை முழுமையாகச் சுற்றி வர வேண்டும்.

இதை நல்ல வெயிலில், சற்றுத் தொலைவில் நின்று செய்வதே சரி. இருட்டில் மங்கலான விளக்கும் பளிச்சென்றுதான் தெரியும். பின்கதவைத் திறந்து வைத்தும் ஒரு முறை பாருங்கள். கதவு மேலே எழும்போது பின்விளக்குகள் மறைந்துவிடும் வண்டிகள் உண்டு. விபத்து நடந்த இடத்தில் காவலர் குனிந்து பொருள்களை எடுக்கும் அந்த நேரத்தில்தான், பின்னால் வருபவரின் கண்ணில் அவை பட்டாக வேண்டும்.

ஒரு விளக்கு மங்கினால், அதைக் கழற்றி மாற்றுவதற்கு முன் எர்த் இணைப்பை, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். பாடியில் எர்த் வயரை முறுக்கியிருக்கும் போல்ட்டைச் சுற்றிச் செந்துரு படிந்திருந்தால், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வையுங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, மீண்டும் இறுக்க வேண்டும். மின்னழுத்த இழப்பு இப்படிப் பாதியிலேயே நிகழும்போது, புது விளக்கு போட்டும் பயன் இருக்காது.

மேல்மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட்டால் ஆனது. அதைச் சோப்புநீரும் மென்துணியும் கொண்டு கழுவினால் போதும். பெட்ரோலோ தின்னரோ பட்டால் நுண்விரிசல் விழுந்து வெளுத்துவிடும். உட்புறம் நீர்த்துளி தெரிந்தால் ரப்பர் சீலை மாற்றுங்கள். பழைய செனான் விளக்குகளில், சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கும் என்பதால், பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் அவற்றைத் திறக்கக் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை இரவில் செய்ய வேண்டியது. இதைப் பலர் செய்வதே இல்லை. வண்டியை நிறுத்தி விளக்குகளை முழு ஒளியில் எரியவிட்டு, ஒளி திருப்பும் பட்டை தைத்த மேலங்கி அணிந்த ஒருவரை அதன் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பின்பு நூறு மீட்டர் தள்ளிப் போய்த் திரும்பிப் பாருங்கள். இருளுக்குப் பழகிய கண்ணை நீல ஒளி எளிதில் கூசச் செய்யும் என்பதால், விளக்கு மட்டும் தெரிந்து ஆள் தெரியாமல் போகலாம். அப்படியானால் நிறுத்தத்துக்குரிய குறைந்த ஒளி நிலைக்கு மாற்றி, ஒளிவிட்டு அணையும் வேகத்தையும் குறைத்து, அவருடைய உருவம் தெளிவாகப் பிரிந்து தெரியும்வரை சரிசெய்யுங்கள்.