குளிர்காலத்தில் பாஸ் மீன் பிடிக்க: முதலில் கையைச் சூடாக வையுங்கள்

தண்ணீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் பாதிப் பேர் ராடை, அதாவது தூண்டில் கோலை, துடைத்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். மீதிப் பேர் ஏரிக்குப் போவார்கள், ஆனால் கோடையில் வீசின வேகத்திலேயே வீசி இழுத்து, ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போய், மீனே இல்லை என்று திரும்பி வருவார்கள். மீன் அங்கேதான் இருக்கும், அசையாமல்.

பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் வேட்டை மீன். அதன் உடம்புக்கு என்று தனிச் சூடு கிடையாது, தண்ணீர் எவ்வளவோ அதுவும் அவ்வளவே. குளிரில் அதன் செரிமானம் மந்தமாகிவிடும், ஒரு சின்ன மீனை விழுங்கினால் அது கரையவே நாள்கணக்கில் ஆகும், அதனால் துரத்திப் போய்ப் பிடிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. மூக்குக்கு முன்னால் வந்து நிற்பதை மட்டும் வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். பாஸ் வகைகளில் லார்ஜ்மவுத் பாஸைவிட ஸ்மால்மவுத் பாஸ் குளிரைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், ஆனால் அதுவும் ஓடி வந்து கவ்வாது. ஆகவே மெதுவாக, இன்னும் மெதுவாக என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான். நடுங்கிக்கொண்டிருக்கிறவனால் மெதுவாக இழுக்க முடியாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. உடம்பு குளிரும்போது கை தானாகவே ரீலை, அதாவது தூண்டில் நரம்பைச் சுற்றும் உருளையை, வேகமாகச் சுற்றும். பத்து விநாடி சும்மா நிறுத்தி வைக்க வேண்டிய செயற்கை இரையை மூன்றாவது விநாடியில் இழுத்துவிடுவீர்கள். அதனால் காசு இருந்தால் முதலில் உடுப்பு வாங்குங்கள், ராடெல்லாம் அப்புறம்.

உடுப்பில் ஒரே ஒரு கண்டிப்பு: பருத்தி வேண்டாம். ஜீன்ஸ், பருத்தி பனியன், பருத்திக் காலுறை எல்லாம் வியர்வையையும் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதற்கு மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்டும் பேண்ட்டும். படகு வேகமாகப் போகும்போது அடிக்கிற காற்றுதான் ஆளை வாட்டும், எனவே வெளி அடுக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். காலுறை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டு பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். தடிமனான கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, விரலை ஆட்ட இடம் இருக்கிற பூட்ஸ், அது போதும்.

கைக்கு வருவோம், இங்கேதான் நாளே தீர்மானமாகும். முழுக் கையுறை போட்டால் தூண்டில் நரம்பின் அசைவு விரலுக்குத் தெரியாது, போடாவிட்டால் அரை மணியில் விரல் வேலை செய்யாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் திறந்திருக்கிற கையுறைதான் எனக்குச் சரிப்படுகிறது. காற்று அதிகமான நாளில் அதற்குள்ளே மெல்லிய நைட்ரைல் கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் ஈரம் உள்ளே போகாது, உணர்வும் அதிகம் குறையாது. இரண்டாவது ஜோடி காய்ந்த பையில் இருக்கட்டும், முதல் ஜோடி நனையாமல் இருக்கப்போவதில்லை. மீனை விட்டதும் கையைத் துடைக்க ஒரு துண்டு எப்போதும் எட்டுகிற தூரத்தில் வேண்டும். கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலங்கள் உள்ளேயிருக்கும் இரும்புத்தூள் காற்றோடு சேர்வதால்தான் சுடுகின்றன, அதனால் இறுக்கமான பூட்ஸுக்குள் திணித்தால் காற்றில்லாமல் சட்டென்று ஆறிவிடும். ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு அவ்வப்போது கையை விடுவது நல்ல வழி.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை, ஆனால் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு, கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரில் மனித உடம்பை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பியது. அதிர்ச்சியில் மூச்சு தாறுமாறாவது அடங்கச் சுமார் 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்தே பலர் போய்விடுகிறார்கள், நீச்சல் தெரிந்தவர்களும்தான். படகின் இருக்கைக்கு அடியில் கிடக்கிற ஜாக்கெட்டால் அப்போது ஒரு பயனும் இல்லை. ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு உடம்போடு கட்டியிருக்கட்டும், மாற்று உடுப்பு ஒரு செட் நீர்புகாத பையில் இருக்கட்டும், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கட்டும். நடுக்கம் திடீரென்று நின்று பேச்சு குழறினால் அது குளிர் பழகிவிட்டதன் அடையாளம் கிடையாது. உடனே கரைக்குத் திரும்பி, உடம்பைச் சூடாக்கி, மருத்துவ உதவி கேளுங்கள்.

சரி, இனி ராடும் ரீலும். கோடைக்கு வைத்திருப்பதே போதும், புதிதாக எதுவும் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். 7 அடி ஸ்பின்னிங் ராட் ஒன்று, நுனி கொஞ்சம் மென்மையாக, சின்ன இரைகளுக்கு. ஜிக் (கொக்கியோடு உலோகத் தலை சேர்ந்த இரை) மாதிரி கனமானதற்கு இன்னொன்று, சற்று விறைப்பாக. ரீலுக்குள் கெட்டியான கிரீஸ் நிறைய இருந்தால் குளிரில் அது இறுகிக் கைப்பிடியே கனக்கும், ஆகவே சீசனுக்கு முன்னால் பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டு மெல்லிசாகப் பூசி, பேரிங்குகளுக்கு லேசான எண்ணெய் விடுங்கள்.

நரம்பில்தான் பலர் அவதிப்படுகிறார்கள். பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு, தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும், காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தண்ணீர் ராடின் வளையங்களிலும் ரீலின் ஸ்பூலிலும் உறைந்து கட்டியாகும். ஒற்றை இழையான ஃப்ளூரோகார்பன் நரம்பு நீரை உறிஞ்சாது, நீரைவிடக் கனம் என்பதால் மூழ்கும், ஆனால் குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக வரும், அதனால் தடிமன் குறைவானதாகப் போடுங்கள். ஸ்பின்னிங்கில் 6 அல்லது 8 பவுண்டு தாங்கும் நரம்பு, ஜிக்குக்கு 12. கிளம்புமுன் நரம்பின் நுனியை எங்காவது கட்டி நன்றாக இழுத்து நீட்டிவிட்டால் பாதிச் சுருள் போய்விடும். உறைபனி இல்லாத நாளில் மெல்லிய பிரெய்டின் நுனியில் ஒரு துண்டு ஃப்ளூரோகார்பன் முன்நரம்பு கட்டிப் பிடிப்பதுதான் எனக்குப் பிடித்தது, கொத்துவது கைக்கு நன்றாகத் தெரியும்.

வளையத்தில் பனிக்கட்டி பிடித்தால் விரலால் பிய்க்காதீர்கள், உள்ளே இருக்கிற செராமிக் வளையம் கழன்றுவிடும். ராடின் நுனியை ஏரித் தண்ணீரிலேயே சில விநாடி முக்கி வையுங்கள், அந்தத் தண்ணீர் பனிக்கட்டியைவிடச் சூடுதானே. வளையங்களில் வாஸலினோ உதட்டுக்குப் போடும் பாமோ தடவினால் கட்டி பிடிப்பது தள்ளிப்போகும், ஆனால் நின்றுவிடாது. வளையம் பெரிதாக இருக்கிற ராட் இந்த விஷயத்தில் தேவலாம்.

இரை என்று வந்தால் கடையில் இருப்பதெல்லாம் வேண்டும் போலத் தோன்றும். என்னைக் கேட்டால் நான்கு போதும்.

முதலாவது, நீரில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அப்படியே நிற்கிற ஜெர்க்பெய்ட் என்னும் மீன் வடிவ இரை, 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். குளிரில் சாகப்போகிற சின்ன மீன் இப்படித்தான் ஒரு துடி துடித்துவிட்டு நிற்கும். த்ரெட்ஃபின் ஷாட் என்னும் இரைமீன் இருக்கிற ஏரிகளில் தண்ணீர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் அவை கூட்டமாகத் தடுமாற ஆரம்பிக்கும், பாஸ் அதற்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். இரண்டு சுண்டு, பிறகு நிறுத்தம். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் 5 விநாடி, 5 டிகிரிக்குப் பக்கத்தில் என்றால் 15, 20 விநாடி, சில நாள் அரை நிமிடம்கூட. மனதுக்குள் எண்ணுங்கள், உண்மையாகவே எண்ணுங்கள், ஏனென்றால் நாம் நினைக்கிற பத்து விநாடி பெரும்பாலும் நாலுதான். இன்னொரு விஷயம், குளிர்ந்த நீருக்கு அடர்த்தி அதிகம் என்பதால், வீட்டில் சரியாக நின்ற இரை ஏரியில் மெல்ல மேலே ஏறும். படகின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டு, ஏறினால் வயிற்றில் சின்ன ஈயப் பட்டை ஒட்டுங்கள், இல்லை கொக்கியைக் கொஞ்சம் கனமானதாக மாற்றுங்கள். மிக மெதுவாக அமிழ்வது பரவாயில்லை, மேலே ஏறுவதுதான் ஆகாது.

இரண்டாவது பிளேடு பெய்ட், 10 முதல் 14 கிராம். பார்க்க ஒரு உலோகத் துண்டு, அவ்வளவுதான், ஆனால் குளிரில் எனக்கு இதன்மேல் இருக்கிற நம்பிக்கை வேறெதன்மேலும் இல்லை. தரை வரைக்கும் இறக்கி, ராடை ஒரு சாண் தூக்கினால் கையில் அதிர்வு தெரியும், உடனே தரைக்கு விடுங்கள். அதற்கு மேல் தூக்காதீர்கள். இறங்கும்போதுதான் கவ்வும், அதனால் நரம்பை முற்றிலும் தளரவிடாமல் கூடவே ராடை இறக்க வேண்டும்.

மூன்றாவது ஜிக். பெரிய மீனுக்கு 10 முதல் 14 கிராம் ஃபுட்பால் தலை ஜிக்கைப் பாறைத் தரையில் ஊர்ந்து போகிற வேகத்தில் இழுங்கள். மீன் ஒன்றும் தொடாத நாளில் 3 கிராம் பக்கத்தில் ரோமம் கட்டிய ஒரு ரோம ஜிக் அல்லது நெட் ரிக் (சின்ன ரப்பர் புழு கோத்த ஜிக்) போட்டு, தரையில் கிடக்கவே விடுங்கள். டங்ஸ்டன் தலையாக இருந்தால் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடைக்குச் சின்னதாக இருக்கும், தரை கல்லா சேறா என்பதும் கைக்குத் தெளிவாகத் தெரியும். சில இடங்களில் ஈயத்துக்கே தடை உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கொஞ்சம் விநோதமானது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஆழமான, தெளிந்த மலை நீர்த்தேக்கங்களில் ஸ்மால்மவுத்துக்குப் பிடிப்பது, ஃப்ளோட் அண்ட் ஃப்ளை என்பார்கள். ஒரு தக்கைக்குக் கீழே 2.5 முதல் 4 மீட்டர் நரம்பு விட்டு, 2 கிராமுக்கும் குறைவான ரோம ஜிக்கைக் கட்டித் தொங்கவிடுவது, அலையே அதை ஆட்டிக்கொடுக்கும். அவ்வளவு நீளத் தொங்கலை வீச 8, 9 அடி ராட் வேண்டும், வீசப் பழகும் வரை எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தரையும் இல்லாமல் மேல்மட்டமும் இல்லாமல் நடுநீரில் தொங்குகிற மீனுக்கு இதைப்போல ஒன்று கிடையாது.

எங்கே வீசுவது? செங்குத்தாக ஆழத்துக்கு இறங்குகிற கரை, கல் அடுக்கிய அணைச்சரிவு, பழைய ஓடையின் வளைவு கரையை நெருங்கி வருகிற இடம். குளிரில் மீன் தூரமாக நீந்த விரும்பாது, ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் இரண்டடி முன்னால் போனாலே ஐந்து மீட்டர் ஆழ வித்தியாசம் கிடைக்கும். பூமியின் வட பாதியில் இருப்பவர்களுக்கு ஏரியின் வடகரையில்தான் வெயில் அதிக நேரம் விழும், அங்கே கற்கள் இருந்தால் சூட்டைப் பிடித்துவைக்கும். பச்சை மாறாத நீர்ச்செடி மிச்சம் இருந்தால் விடாதீர்கள், அழுகி மக்குகிற செடி ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பதால் அதை விட்டுத் தள்ளிப் போங்கள். ஆறு என்றால் ஓட்டம் குறைந்த ஆழமான மடு. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், ஆகவே மேலே உறைகிற ஏரியில் அடியில்தான் ஓரளவு சூடு. சின்னக் குட்டை என்றால் இருப்பதில் ஆழமான குழியைத் தேடிப்பிடித்து அங்கேயே உட்காருங்கள்.

விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை, குளிர்கால மீன்பிடியில் இது ஒரு வரம். மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரை போதும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்து மேல்நீர் அரை டிகிரி ஏறினாலும் மீன் நகரும். குளிர்காற்று வீசி ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும், பார்க்க அழகு, மீன்பிடிக்கு மோசம். அன்று வேறு வேலை இருந்தால் பாருங்கள்.

கொத்துவது கோடையில்போல டக்கென்று தெரியாது. ஈரத் துணி மாட்டிக்கொண்டதுபோல ஒரு கனம், அவ்வளவுதான். சில நேரம் அதுகூட இல்லை, கீழே போய்க்கொண்டிருந்த நரம்பு பாதியில் நிற்கும். சந்தேகம் வந்தாலே ராடை நிதானமாக ஓரமாக இழுத்துப் பாருங்கள், ஓங்கிச் சுண்ட வேண்டாம், மெல்லிய நரம்பு அறுந்துவிடும்.

மீன் ஏறியதும் கூடுமானவரை தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் செவுளும் கண்ணும் மிகச் சீக்கிரம் பாதிக்கப்படும், படம் எடுப்பதென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு அப்புறம் தூக்குங்கள். சுமார் 9, 10 மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து இழுத்த பாஸின் காற்றுப்பை வீங்கி, அது கீழே போக முடியாமல் மேலேயே மிதக்கும். எடை கட்டிய கவ்வியால் பிடித்து ஆழத்துக்கு இறக்கி விடும் கருவி வைத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் அந்த ஆழத்தில் இருக்கிற கூட்டத்தைத் தொடவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இரைப் பெட்டியைத் திறந்து காயவிடுங்கள், ஈரத்தோடு மூடினால் கொக்கிகள் எல்லாம் துருப்பிடிக்கும். பூட்ஸையும் கையுறையையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் காற்றில் உலர்த்துங்கள். லைஃப் ஜாக்கெட் தானாக ஊதிக்கொள்ளும் வகையாக இருந்தால், வாயுக் குப்பியின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள், அடுத்த தடவை கிளம்புகிற அவசரத்தில் அது நினைவுக்கு வராது.