உங்கள் கணினிக்குள் வைரஸ் எந்த வழியால் நுழைகிறது? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒப்படைகளைக் கையளிக்கும் நாட்கள் நெருங்கும்போது, கொமியூனிகேஷன் கடைகளில் பென்ட்ரைவ்கள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். அச்சிட்டு முடித்து வீட்டில் திறந்து பார்த்தால், கோப்புறைகள் யாவும் வளைந்த சிறு அம்புக்குறியுடன் குறுக்குவழிகளாக (ஷோர்ட்கட்) மாறியிருக்கின்றன என்று கவலையோடு என்னிடம் வருவோர் பலர். விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இன்னொரு பணிசெயல் முறைமைக்கு (ஒபரேட்டிங் சிஸ்டம்) மாறினால் இந்தத் தொல்லை தீருமா என்றும் அவர்கள் கேட்கிறார்கள். மாறுவதா இல்லையா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். உங்கள் பணிசெயல் முறைமைக்குள் வைரஸ் நுழையும் வழியை அறிந்து அதை அடைப்பதே முதல் வேலை.

வைரஸும் ஒரு செய்நிரலே. விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல் மெக்கிலோ லினக்ஸிலோ தானாக இயங்காது. மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலானவை விண்டோஸில் இயங்குவதால், தீநிரல் (வைரஸ் போன்ற தீங்கு செய்யும் நிரல்) எழுதுவோரின் கவனமும் அங்கேயே குவிந்துள்ளது. லினக்ஸில் மென்பொருட்கள் பெரும்பாலும் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. பதிவிறக்கிய கோப்புக்கு இயங்கும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. சாதாரணப் பயனரால் முறைமைக் கோப்புகளைத் தொடவும் முடியாது. ஆயினும் 2012இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல், ஜாவா என்ற மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வழியாக ஏறத்தாழ 6 இலட்சம் மெக் கணினிகளைத் தொற்றியது. 2016இல் மிராய் என்ற தீநிரல், உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவை லினக்ஸில் இயங்கியவை. அன்ட்ரொயிட் கைப்பேசியைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளை நிறுவாதிருந்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும்.

படி 1: பதிப்பைப் பாருங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்ற வரிசையில் சென்றால் உங்கள் பதிப்பு தெரியும். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14இலும் நிறுத்தியது. ஆதரவு நின்ற பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கப் பொதுவாக எவரும் வரமாட்டார்கள். ஆதரவு இருக்கும் பதிப்பிலும் இற்றைப்படுத்தலை (அப்டேட்) தள்ளிப்போடுவது ஆபத்தானது: வன்னாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும், அதை நிறுவாத கணினிகளையே அது மே 12இல் தாக்கிக் கோப்புகளைப் பூட்டியது. உங்கள் பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காதென்றால், லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டுக்கு மாறுவது நல்ல முடிவு என்றே நான் சொல்வேன்.

படி 2: காவலை நீங்களே அணைக்காதீர்கள்

விண்டோஸ் 8 முதல் டிஃபென்டர் என்ற வைரஸ் எதிர்ப்பு நிரல் முறைமையுடனேயே வருகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, அதன் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள். உரிமமின்றி விண்டோஸையோ வேறு மென்பொருளையோ திறந்துகொள்ள உதவும் கிராக் நிரல்கள் பல, முதலில் இந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்கின்றன. அப்படி அணைத்துவிட்டு ஓர் அந்நிய நிரலுக்கு நிர்வாகி அனுமதியும் கொடுத்தால், அதன்பின் அந்தக் கணினியில் எதையும் நம்ப முடியாது.

படி 3: அன்றாட வேலைக்குத் தனிக் கணக்கு

ஒரு தீநிரல், அதை இயக்கியவரின் அதிகாரத்தையே பெறுகிறது. ஆகவே செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குச் சென்று, சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அன்றாடம் அதிலேயே வேலை செய்யுங்கள். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் ஒருவர் மட்டும் வைத்திருப்பது நல்லது.

படி 4: பென்ட்ரைவ்

முன்பு பென்ட்ரைவைச் செருகிய உடனேயே அதிலுள்ள நிரலைத் தானாக இயக்கும் வசதி விண்டோஸில் இருந்தது. 2008இல் தோன்றிய கொன்ஃபிக்கர் என்ற தீநிரல் பரவிய வழிகளுள் அதுவும் ஒன்று. விண்டோஸ் 7இல் அந்த வழி அடைக்கப்பட்ட பின்னர், இன்றைய குறுக்குவழி வைரஸ் உங்கள் கையாலேயே தன்னை இயக்க வைக்கிறது. அது உண்மையான கோப்புறையை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைக்கிறது. நீங்கள் அதை இருமுறை சொடுக்கும்போது வைரஸ் இயங்குகிறது. கோப்புறையும் சேர்ந்து திறப்பதால் சந்தேகம் எழுவதில்லை. அம்புக்குறி தெரிந்தால் சொடுக்காதீர்கள்.

உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இடுங்கள். அதோடு, பாதுகாக்கப்பட்ட முறைமைக் கோப்புகளை மறைக்கும் தெரிவையும் நீக்க வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு, எல்லாம் போய்விட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். சில வேளை உண்மையான கோப்புகள் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் இருக்கும்.

இதைவிடப் பாதுகாப்பான வழி, 8 ஜிபிக்குக் குறையாத இன்னொரு பென்ட்ரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்குவதாகும். விண்டோஸின் மறைப்புக் குறி அங்கே செல்லாது. அந்த வைரஸும் அங்கே இயங்காது. உங்கள் ஆவணங்களை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுத்து, தொற்றிய பென்ட்ரைவை ஃபோர்மட் செய்யுங்கள். விண்டோஸுக்குத் திரும்பியதும், நகலெடுத்தவற்றைத் திறக்கும் முன் டிஃபென்டரின் முழுச் சோதனையை ஓடவிடுங்கள்.

அடுத்த முறை அச்சிடும்போது ஆவணத்தை பிடிஎஃப் ஆக்கி, கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பிவிடுங்கள். பென்ட்ரைவ் வீட்டிலேயே இருக்கட்டும்.