டெல்டாவில் சின்னக் கம்பெனி நடத்துகிறீர்களா? எல்லோருக்கும் இடம் இருக்கிறதா என்று இப்படிப் பாருங்கள்

அரிசி ஆலை, ஜவுளிக்கடை, உரக்கடை, நர்சிங் ஹோம், பாத்திரப் பட்டறை என்று தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் பத்து பேர், முப்பது பேர் வேலை செய்கிற இடங்கள்தான் அதிகம். அந்த மாதிரி இடத்தை நடத்துகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி ஆபீசர் இருப்பார். இங்கே முதலாளியும் சூப்பர்வைசரும் மனசு வைத்தால்தான் நடக்கும்.

முதலில் ஒரு பேப்பரை எடுத்து, வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் அவர் யார் சொல்லி வந்தார், எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுதுங்கள். கல்லாவிலும் கணக்கிலும் உட்காருகிறவர்கள் எல்லாம் ஒரே சொந்தபந்தத்துக்குள், மூட்டை தூக்குகிறவர்களும் கழிவறை கழுவுகிறவர்களும் எல்லாம் ஒரே தெரு என்று வந்தால், யாரும் திட்டம் போட்டுச் செய்யாவிட்டாலும் உங்கள் இடத்தில் சாதி வேலை செய்துகொண்டிருக்கிறது. "தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், சேர்த்துக்கோங்க" என்று ஆள் எடுக்கும்வரை இது மாறாது. அடுத்த தடவை ஆள் தேவைப்பட்டால் ஐடிஐ, பாலிடெக்னிக், மகளிர் குழு, வேலைவாய்ப்பு அலுவலகம் என்று நாலு இடத்தில் சொல்லுங்கள், என்ன வேலை, என்ன சம்பளம் என்று எழுதி கடை வாசலில் ஒட்டுங்கள்.

நேர்காணலில் ஒரு கேள்வியை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். "எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு "ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்ததாக வரும் பாருங்கள், அதுதான். எதற்காகக் கேட்கிறோம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை கீழத்தெரு என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும், அந்த ஒரு நொடியில் இந்த இடம் தனக்கானதா இல்லையா என்று அதுக்குப் புரிந்துவிடும். முகவரி வேண்டுமென்றால் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆதாரில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் டீ. காலை பதினோரு மணிக்கு டீ வரும்போது யாருக்கு எதில் ஊற்றுகிறார்கள் என்று நின்று கவனியுங்கள். ஆபீஸ் ரூமுக்கு எவர்சில்வர் டம்ளர், வெளியே லோடுமேன்களுக்கு பேப்பர் கப் என்று இருந்தால், அது வசதிக்காக என்று யாராவது சொன்னாலும் ஏற்காதீர்கள். இரட்டைக் குவளை இந்த மண்ணில் எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே ஸ்டாண்டு, ஒரே தண்ணீர் கேன் என்று நாளைக்கே மாற்றலாம், செலவு ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. சாப்பிடுகிற இடமும் அப்படித்தான், முதலாளி வாரத்தில் இரண்டு நாளாவது அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் மற்றவர்கள் தன்னால் வந்து உட்காருவார்கள். செப்டிக் டேங்க் நிறைந்தால் வண்டியைக் கூப்பிடுங்கள், ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம்.

கூலி விஷயத்துக்கு வருவோம். கூலியை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் போராட்டத்தில் 1968 டிசம்பர் 25 அன்று நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலியையும் சாதியையும் பிரித்துப் பார்க்க முடியாத ஊர் இது. அதனால் சம்பளத்தை ஆளைப் பார்த்துப் பேசாமல், வேலைக்கு இவ்வளவு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஆலையில் நெல் அள்ளுகிற பெண்ணுக்கு "பொம்பள ஆள் கூலி" என்று தனிக்கணக்கு இன்னும் ஓடுகிறது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளுக்கும் அதே சம்பளம்தான், மெஷின் பக்கத்தில் ஒட்டுகிற எச்சரிக்கையை இந்தியிலும் எழுதுங்கள். படித்துப் புரியாமல் பெல்ட்டில் கை சிக்கினால் அதற்குப் பொறுப்பு நாம்தான்.

பெண்கள் வேலைக்கு நிற்பதில்லை என்று கடைக்காரர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் பஸ். கட்டணமில்லா டவுன் பஸ் 2021-ல் வந்த பிறகு கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் நிறைய, ஆனால் கடையை ஒன்பதரைக்கு மூடினால் அவர்கள் ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். யாருக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று கேட்டு அதற்குத் தகுந்த மாதிரி ஷிப்ட் போடுங்கள், இதை ஒன்றைச் செய்தாலே பாதிப் பேர் நிற்பார்கள். தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற தனிக் கழிவறை கட்டாயம் வேண்டும். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைப்பது கூடாது.

பத்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் குழு அமைத்தே ஆகவேண்டும், வேலை இடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குடும்பக் கம்பெனிகளில் முதலாளியின் மனைவியையோ தங்கையையோ தலைவராக உட்கார வைப்பதைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அவரிடம் போய் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? பத்து பேருக்குக் கீழே இருந்தாலோ, புகார் முதலாளி மேலேயே இருந்தாலோ மாவட்ட அளவில் உள்ளூர் குழுவிடம் போகலாம் என்பதையும் நோட்டீஸில் எழுதி ஒட்டுங்கள். புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாற்றுத்திறனாளி ஒருவர் வேலை கேட்டு வந்தால் "பாவம்" என்று பேச ஆரம்பிக்காமல், இந்த வேலைக்கு என்ன வசதி வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். கும்பகோணத்துப் பழைய கடைகளில் வாசல்படி முழங்கால் உயரம் இருக்கும், சாய்தளம் போட ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. திருநங்கை சேர்ந்தால் அவர் சொல்கிற பெயரில் கூப்பிடுங்கள், எந்தக் கழிவறை என்பதை அவரிடம் தனியாகக் கேட்டு முடிவு செய்யுங்கள், கேலி பேசுகிறவரை முதல் நாளே கூப்பிட்டுக் கண்டியுங்கள். திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கென்று புகார் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும்.

லீவு பட்டியலையும் கொஞ்சம் பாருங்கள். தீபாவளி, பொங்கலோடு நிறுத்தாமல் நாகூர் கந்தூரிக்குப் போகிறவர், செப்டம்பர் 8 வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர், தன் ஊர்த் தேருக்குப் போகவேண்டியவர் என்று எல்லோரையும் வருஷ ஆரம்பத்திலேயே உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, வேலையை விட்டுப் போனவர்களுக்கு மாதம் ஒருமுறை நீங்களே போன் பண்ணுங்கள். சூப்பர்வைசரைப் பண்ணச் சொல்லாதீர்கள், அவரால்தான் போயிருக்கலாம். "ஏன் போனீங்க, யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் கேளுங்கள், கேட்டதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டாவது தடவை வந்தால் அந்த வாரமே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.