முதுகெலும்பு வளைவு: கண்ணும் எக்ஸ்ரேயும் ஏமாற்றும் இடங்கள்

பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகெலும்பும் வளைந்துதான் இருக்கும். கழுத்திலும் இடுப்பிலும் உள்வாங்கும், மேல்முதுகில் புடைக்கும். இந்தப் புடைப்பு அளவு மீறினால் கூன். பின்னாலிருந்து பார்க்கையில் வலமோ இடமோ வளைந்தால் ஸ்கோலியோசிஸ். இரண்டையும் ஒன்றாக நினைத்து, "நிமிர்ந்து உட்கார்" என்று பிள்ளையை அதட்டுவதில் பயனில்லை. ஸ்கோலியோசிஸில் எலும்புகள் சாய்வதோடு திருகியும் கொள்கின்றன. புத்தகப் பையின் மேல் பழி போடுவதும் வீண்.

தோள் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சட்டையைக் கழற்றி, பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், உள்ளங்கைகளைக் கூப்பித் தொங்கவிட்டு, முதுகு தரைக்கு இணையாகும் வரை குனியச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து, முதுகின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பாருங்கள். திருகல் இருந்தால் ஒரு பக்க விலா மேடாகத் தெரியும். ஒரு கால் குட்டையாக இருந்தாலும் முதுகு வளைந்து தோன்றும். உட்காரவைத்துக் குனியச் சொன்னால் அந்த வளைவு மறைந்துவிடும்.

எக்ஸ்ரேயில் நடக்கும் பெரிய பிழை, படுக்கவைத்து எடுப்பது. உடல் எடை இறங்காததால் வளைவு குறைவாகக் காட்டும். நின்றபடி, முழு முதுகும் ஒரே படத்தில் வரவேண்டும். வளைவின் மேல்கோடியில் மிகவும் சாய்ந்த எலும்பின் மேல்விளிம்புக்கும், கீழ்க்கோடியில் அப்படிச் சாய்ந்த எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடைப்பட்ட கோணமே வளைவின் அளவு, அதுதான் காப் கோணம். 10 டிகிரிக்குக் குறைந்தால் ஸ்கோலியோசிஸ் என்று சொல்வதில்லை. அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்பின் ஆகும். ஆகவே 22 என்பது 25 ஆனதற்குப் பதற வேண்டாம். அடுத்த முறையும் அதே எலும்புகளிலிருந்து அளந்தார்களா என்று கேளுங்கள்.

கோணத்தை மட்டும் வைத்து ஆறுதலும் அடையக் கூடாது. பூப்பெய்தாத பத்து வயதுச் சிறுமிக்கு 20 டிகிரி என்றால் கவனம் தேவை. வளர்ச்சி முடிந்தவருக்கு அதே 20 பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். வலி இல்லையே என்று காத்திருப்பதும் தவறுதான், பதின்வயது வளைவு பெரும்பாலும் வலிக்காமலே கூடும். வளரும் வயதில் 25 முதல் 40 டிகிரி வரை பிரேஸ் (உடம்பைச் சுற்றி அணியும் தாங்கு கவசம்) பரிந்துரைப்பது வழக்கம். அதைத் தினம் நான்கைந்து மணி நேரம் பேருக்கு மாட்டிவிட்டு, பலனில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் நிறைய. 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களுக்குத்தான் நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, கால் தளர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பு, மேல்முதுகு வளைவு வழக்கமான வலப்பக்கமாக அல்லாமல் இடப்பக்கம் தள்ளியிருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் எம்ஆர்ஐ பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.