வாடகை வீட்டில் டிஷ் ஆசை: நாலு துளை போட்டுத் தெரிந்துகொண்டது

நான் மலேசியாவின் ஈப்போக்காரி. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், கூரை ஒழுகும் வீட்டில்கூட ஆஸ்ட்ரோ என்ற சந்தா டிவியின் டிஷ் இருக்கும். அதனால் கல்யாணமாகி சிங்கப்பூர் வுட்லண்ட்ஸில் நாலறை வீவக (அரசு வீட்டு வசதிக் கழக) வீட்டை வாடகைக்கு எடுத்தபோது, கூடவே வந்த மாமியார் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, "டிஷ் எங்கம்மா?" என்றுதான் கேட்டார். பன்னிரண்டாவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிரே மலேசியாவின் ஜோகூர் தெரியும். அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை என்பது அவருடைய நியாயம்.

அடுத்த வாரமே என் கணவர் டிரில் மெஷினோடு, சமையலறையை ஒட்டிய சர்வீஸ் யார்டில் நின்றார். சுவரில் நாலு துளை, அதில் ஓர் இரும்புத் தாங்கி. டிஷ் மட்டும் இன்னும் பாலத்துக்கு அந்தப் பக்கம், மைத்துனர் வீட்டில் இருந்தது. அது வருவதற்குள், குழாயைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் அங்கிள் தாங்கியைப் பார்த்துவிட்டார். அவர் கத்த, நாங்களும் கத்த, "மாசா மாசம் வாடகை கொடுக்கிறோமே" என்ற பழைய பாட்டை நானும் பாடினேன். உங்களுக்கும் அப்படி ஒரு சண்டை வந்திருந்தால், இல்லை வரப்போகிறது என்று தோன்றினால், முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இதில் இரண்டு சண்டைகள் கலந்து கிடக்கின்றன. டிஷ் வைக்கலாமா என்பது ஒன்று. சுவரில் விழுந்த துளைக்கு எவ்வளவு என்பது இன்னொன்று. முதலாவதில் நீங்கள் தோற்பீர்கள், அதை விட்டுவிடுங்கள். இரண்டாவதில் பேச நிறைய இடம் இருக்கிறது.

முதலாவதில் ஏன் தோற்பீர்கள் என்றால், அங்கே எதிரே நிற்பவர் வீட்டுக்காரர் இல்லை, சட்டம். சிங்கப்பூரில் செயற்கைக்கோள் டிஷ் வைத்து நிகழ்ச்சி வாங்குவதற்கு, ஊடகத்தைக் கவனிக்கும் அரசு ஆணையமான ஐஎம்டிஏவின் உரிமம் வேண்டும். தூதரகம், ஒளிபரப்பு நிறுவனம் மாதிரி இடங்கள் அதை வாங்கலாம். உங்களையும் என்னையும் போலக் குடியிருப்பவர்களுக்கு அது கிடைக்காது. ஆக, அங்கிள் மனமிரங்கிச் சரி என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது. அதோடு, வெளிச்சுவர் அவருடையதும் இல்லை. வீவக புளோக்கில் அது பொதுச்சொத்து, நகர மன்றம் பார்த்துக்கொள்ளும். கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி, என்றால் நிர்வாகக் குழு. பன்னிரண்டாவது மாடியிலிருந்து ஏதாவது கழன்று கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்தது, தாங்கியைக் கழற்றிய பிறகுதான்.

இந்த இடத்தில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகள் உள்ளே நுழைந்தாள். "வீட்டுக்காரர் தடுக்கவே முடியாது, சட்டம் இருக்கிறது" என்று ஒரு பக்கத்தை அனுப்பினாள். அவள் சொன்னது அவள் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் எஃப்சிசி என்ற தகவல் தொடர்பு ஆணையத்தின் விதிப்படி, ஒரு மீட்டருக்கு மிகாத டிஷ்ஷை, வாடகைக்கு இருப்பவர் தான் மட்டும் புழங்கும் பால்கனியில் வைத்துக்கொள்ளலாம். வாடகைக்காரர்களுக்கு அந்த உரிமை 1999இல் வந்தது. அங்கேயும் பொதுக்கூரையில் வைக்க முடியாது, வெளிச்சுவரைத் துளைப்பதை வீட்டுக்காரர் தடுக்கலாம். என் கணவர் அதை அச்செடுத்து அங்கிளிடம் காட்டலாமா என்று கேட்டார். அந்தக் காகிதத்தில் மாமியார் கொத்தமல்லியைச் சுற்றி வைத்தார்.

இந்திய டிஷ்ஷை ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். சட்டத்தை விடுங்கள், அந்த அலையே இந்தியாவை நோக்கிக் குவித்து அனுப்புவது. இவ்வளவு தள்ளி வந்து சின்னத் தட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதில் பலன் இல்லை. சரி, எல்லா அலைவரிசையும் இலவசம் என்று விற்கும் கறுப்புப் பெட்டி? அதுவும் வேண்டாம். திருட்டு ஒளிபரப்பைக் காட்டும் பெட்டிகளை விற்பது, 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டப்படி குற்றம். தனிநபருக்கு 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. விற்றவர் கடையை மூடிவிட்டுப் போனால் உங்கள் பெட்டி ஒரு நாள் காலையில் வெறும் டப்பா.

அப்படியென்றால் மாமியாருக்கு என்ன வழி? மலிவானதிலிருந்து வருகிறேன். அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. இப்போது டிவிபி-டி2 (டிஜிட்டல் ஒளிபரப்பு முறை) என்று போட்ட டிவியும், சன்னலோரம் வைக்கும் சின்ன உள் ஆன்டெனாவும் இருந்தால் சிங்கப்பூரின் தமிழ் அலைவரிசையான வசந்தம் இலவசமாக வரும். துளை வேண்டாம், அனுமதியும் வேண்டாம். மலேசியாவிலும் அதே டிவிபி-டி2 முறைதான், அதனால் ஜோகூரில் வாங்கிய புது டிவியாக இருந்தாலும் ஓடும். எங்களைப் போல வடக்கே, உயரத்தில் இருந்தால் மலேசிய இலவச அலைவரிசைகளும் சிக்கலாம். ஆன்டெனாவை ஒரு கை தள்ளி வைத்தாலே படம் மாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள்.

நாடகம்தான் வேண்டும் என்றால் சிங்டெல், ஸ்டார்ஹப் என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களில் தமிழ் அலைவரிசைத் தொகுப்பு எடுக்கலாம். அது ஃபைபர் வழியாக வரும். வீட்டுக்காரரிடம் பேச வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான வீடுகளில் ஃபைபர் வந்து முடியும் சின்னப் பெட்டி ஏற்கெனவே சுவரில் இருக்கும். அது இருந்தால் கவலை இல்லை. டிவி வேறு அறையில் இருக்கிறது, கம்பி இழுக்க வேண்டும், பெட்டியை இடம் மாற்ற வேண்டும் என்றால் அவர் சம்மதம் இல்லாமல் கை வைக்காதீர்கள். பொம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள் இருக்கும் குண்டுத் தாக்குதல் புகலிட அறை, அதன் சுவர் பக்கம் போகவே போகாதீர்கள். அது சாதாரணச் சுவர் இல்லை, வீட்டுக்காரரே அதை உடைக்க முடியாது. இன்னொன்று: சந்தா ஒப்பந்தம் எத்தனை மாதம், வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடகை முடிந்த பிறகும் சந்தா ஓடினால், இடையில் நிறுத்துவதற்கான கட்டணம் உங்கள் தலையில்தான்.

சம்மதம் கேட்கும்போது, "கொஞ்சம் ஒயர் வேலை இருக்கு அங்கிள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தச் சுவர், எத்தனை துளை, எவ்வளவு பெரிது, போகும்போது யார் அடைப்பது, நாலையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் எழுதி, சுவரைப் படம் எடுத்து, துளை வரும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புங்கள். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினால் போதாது. "ஓகே, போகும்போது நீங்கள் அடைத்துவிட வேண்டும்" என்று எழுத்தில் வரட்டும். ஏஜென்டிடம் வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. எங்கள் ஏஜென்ட் சாவி கொடுத்த நாளுக்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

இனி துளைக் கணக்கு. எங்கள் வாடகை மாதம் 2,000 வெள்ளி, 2 ஆண்டு ஒப்பந்தம், டெபாசிட் 4,000. வீட்டைக் காலி செய்த நாளில் அங்கிள் அந்த நாலு துளைக்காக 1,200 பிடிப்பேன் என்றார். சர்வீஸ் யார்டு முழுக்கப் பூச வேண்டும், கூடவே சமையலறைக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. துளை எங்கள் தப்பு, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நாலு துளைக்கும் சமையலறைக் கூரைக்கும் என்ன சம்பந்தம்? சேதப்படுத்தியதைச் சரிசெய்யும் செலவைத்தான் நீங்கள் தர வேண்டும். இரண்டு வருடப் புழக்கத்தில் மங்கிய பெயின்ட் சாதாரணத் தேய்மானம். அவர் வீட்டைப் புதுசாக்கும் செலவு உங்களுடையது இல்லை.

இதை வாயால் சொன்னால் சண்டை, காகிதத்தில் காட்டினால் கணக்கு. குடிவந்த அன்று எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. வீரம் ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு வீட்டைக் காட்ட எடுத்தவை. அதில் சமையலறைக் கூரையில் அப்போதே பழுப்புக் கறை. நீங்கள் இதை வேண்டுமென்றே செய்யுங்கள்: சாவி வாங்கிய நாளில் ஒவ்வொரு சுவரையும் எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் பழுது பார்ப்பவர்கள் இரண்டு பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். எனக்கு ஒருவர் 180, இன்னொருவர் 220 சொன்னார்கள். அதையும் மிச்சம் பிடிக்க நினைத்தால், காலி செய்வதற்கு முன்பே நீங்களே செய்யலாம். பிளாஸ்டிக் பிளக்கைப் பிடுங்கி, புட்டியை இரண்டு தடவையாக அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, அதே நிறத்தைத் தொட்டுவிடுங்கள். ஒரே தடவையில் அடைத்தால் காய்ந்து குழி விழும். டைல்ஸில் துளை போட்டிருந்தால் இந்த வித்தை நடக்காது, டைலையே மாற்ற வேண்டிவரும். அங்கே பேரம்தான்.

பேரமும் படியாவிட்டால், சின்னத் தொகைச் சண்டைகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம். வக்கீல் கிடையாது, வைக்கவும் முடியாது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. என்னைப் போலத் தனி ஆள் 5,000க்குள் கேட்டால் கட்டணம் 10 வெள்ளி. விண்ணப்பம் இணையத்திலேயே. பிரச்சினை நடந்த 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

இங்கே மலேசியர்களுக்கு ஒரு குழி இருக்கிறது. வீவக வீட்டை நாம் ஒரே தடவையில் 3 ஆண்டுக்கு வாடகைக்கு எடுக்கலாம். மற்ற வெளிநாட்டவருக்கு 2 ஆண்டுதான். சலுகைதானே என்று என் தோழி 3 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் 2 ஆண்டுக்கு மேற்பட்ட குடியிருப்பு ஒப்பந்தத்தை ஸ்மால் கிளெய்ம்ஸ் எடுக்காது. டெபாசிட் சண்டை வந்தபோது அவளுக்கு அந்தக் கதவே இல்லை. அதனால் 2 ஆண்டு போட்டு, பிறகு புதுப்பிப்பதே நல்லது என்பேன்.

முத்திரைத் தீர்வையையும் மறக்காதீர்கள். 4 ஆண்டு வரையான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. எங்களுக்கு 48,000க்கு 192 வெள்ளி. இங்கே கையெழுத்துப் போட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீங்கள் ஆதாரமாகக் காட்ட முடியாது. "ஓனர் கட்டியிருப்பார்" என்று இருந்துவிடாதீர்கள். வழக்கமாகக் கட்ட வேண்டியவர் வாடகைக்காரர்தான். சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மால் கிளெய்ம்ஸில் விசாரணைக்கு முன்னால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். எங்கள் விஷயம் அங்கேயே முடிந்தது. நான் படங்களையும் இரண்டு விலைத் தாள்களையும் வைத்தேன். அங்கிளிடம் சமையலறைக்கு விலை இருந்தது, துளைக்குத் தனியாக விலை இல்லை. 250 வெள்ளி பிடித்துக்கொண்டு 3,750 திருப்பித் தர ஒப்புக்கொண்டார். 220க்கு மேலே போன முப்பது வெள்ளி எனக்கு உறுத்தியது, ஆனால் இன்னொரு நாள் விடுப்பு எடுப்பதை விட அது மலிவு.

வெளியே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, உங்கள் மாமியார் இப்போது எதில் நாடகம் பார்க்கிறார் என்று அங்கிள் கேட்டார். கைத்தொலைபேசியில்தான் என்றேன். தன் மனைவியும் அப்படித்தான், கொரிய நாடகம், ராத்திரி இரண்டு மணி வரைக்கும் என்றார்.